அறச்சார்பும் தீமையின் இயல்பும்: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை முன்வைத்து

அறச்சார்பு என்பது மிகுபுனைவுப் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் ஒரு பாத்திரத்தின் ஒழுக்க நிலையைக் குறிக்கும் விதி. ஆங்கிலத்தில் இது அலைன்மென்ட் எனப்படுகிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் வழியாகப் பரவிய இவ்விதி, பின்னர் கணினி விளையாட்டுகளிலும் இணைய உரையாடல்களிலும் வேரூன்றியது. இன்று அந்த விளையாட்டை ஒருமுறைகூட ஆடாதவர்களும் திரைப்பட மாந்தர்களையும் அரசியல் தலைவர்களையும் ஒன்பது கட்டங்களில் அடுக்கிப் பார்க்கிறார்கள்.

ஒரு விளையாட்டு விதி இவ்வளவு தூரம் பரவும்போது அதன் பின்னுள்ள கருத்தை ஆராய வேண்டியிருக்கிறது. தீமை என்பது ஒருவர் செய்யும் செயலா, அவருக்குள் இருக்கும் பொருளா, அல்லது அவர் பிறந்த கூட்டத்தின் அடையாளமா? அறச்சார்பு விதி இம்மூன்றுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறது. அதன் வலிமையும் குறையும் இதில்தான் உள்ளன.

தோற்றம்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை அமெரிக்காவைச் சேர்ந்த கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கி 1974 இல் வெளியிட்டனர். அதில் ஒழுங்கு, நடுநிலை, குலைவு என மூன்று சார்புகள் மட்டுமே இருந்தன. நன்மை, தீமை என்னும் சொற்கள் சார்பின் பெயர்களாக இடம்பெறவில்லை.

ஒழுங்கும் குலைவும் மோதும் உலகம் அதற்கு முன்பே மிகுபுனைவு இலக்கியத்தில் இருந்தது. போல் ஆண்டர்சன் எழுதி 1961 இல் நூலாக வந்த ‘த்ரீ ஹார்ட்ஸ் அண்ட் த்ரீ லயன்ஸ்’ நாவலில் மனிதர்கள் ஒழுங்கின் பக்கமும் மாய உலகத்தினர் குலைவின் பக்கமும் நிற்கிறார்கள். மைக்கேல் மூர்காக் எழுதிய எல்ரிக் கதைகளில் இரண்டு ஆற்றல்களுமே எல்லை மீறினால் உலகை அழிப்பவை. அவற்றுக்கிடையிலான சமநிலையே அங்கு முக்கியம்.

இந்த விளையாட்டு போர் விளையாட்டு மரபிலிருந்து வந்தது. எந்தப் படை எந்தப் பக்கம் நிற்கும் என்பது அம்மரபின் அடிப்படைக் கேள்வி. 1974 விதிநூலின் பட்டியல் அதற்கே விடை சொல்கிறது. அதில் மனிதர்கள் மூன்று பக்கங்களிலும் இருக்கிறார்கள். ஓர்க்குகள் நடுநிலை, குலைவு என இரண்டு பக்கங்களில் இருக்கின்றன. அதாவது தொடக்கத்தில் அறச்சார்பு என்பது அணிவகுப்பு. ஒருவர் எந்தக் கொடியின் கீழ் நிற்கிறார் என்பதை அது சொன்னது. அவர் எப்படிப்பட்டவர் என்பதைச் சொல்லவில்லை.

ஒன்பது கட்டங்கள்

1976 இல் கைகாக்ஸ் எழுதிய ஒரு கட்டுரை ஒழுங்கு–குலைவு என்னும் கோட்டுக்குக் குறுக்காக நன்மை–தீமை என்னும் இரண்டாவது கோட்டை வரைந்தது. 1978 இல் வெளிவந்த மேம்பட்ட விளையாட்டின் ஆட்டக்காரர் கையேட்டில் இது ஒன்பது கட்டங்களாக நிலைபெற்றது. ஒழுங்குசார் நன்மை ஒரு மூலையில், குலைவுசார் தீமை எதிர் மூலையில், முழு நடுநிலை மையத்தில்.

இப்போது சார்பு ஒரே நேரத்தில் மூன்று வேலைகளைச் செய்யத் தொடங்கியது. அது பாத்திரத்தின் குணத்தைச் சொன்னது. பிரபஞ்சப் போரில் அவரது பக்கத்தைச் சொன்னது. அவருக்கு என்ன அனுமதி உண்டு என்பதையும் சொன்னது. பாலடின் என்னும் புனித வீரர் ஒழுங்குசார் நன்மையில் மட்டுமே இருக்க முடியும், வழுவினால் ஆற்றலை இழப்பார். கொலைஞர் என்னும் பாத்திர வகைக்குத் தீய சார்பு கட்டாயம். சார்பை மாற்றிக்கொள்பவர் தான் ஈட்டிய படிநிலை ஒன்றை இழப்பார். ஒவ்வொரு சார்புக்கும் தனி மொழிகூட இருந்தது.

மனம் மாறுவதற்குத் தண்டனை என்பது கவனிக்க வேண்டியது. தீயவர் ஒருவர் திருந்தினாலும் அதே இழப்புதான். குணம் மாறுவது இங்கே வளர்ச்சியாகக் கொள்ளப்படவில்லை, கட்சி தாவலாகக் கொள்ளப்பட்டது. பழைய அணிவகுப்புச் சிந்தனை புதிய ஒழுக்கச் சொற்களுக்குள் மறைந்திருந்ததற்கு இது சான்று.

ஒழுங்குசார் தீமை என்னும் கண்டடைவு

இவ்விதியை முற்றிலும் ஒதுக்கிவிட முடியாது. இரண்டு கோடுகளாகப் பிரித்ததன் வழியாக அது ஒரு முக்கியமான உண்மையைத் தொட்டது. ஒழுங்கு வேறு, நன்மை வேறு.

பழைய சாகசக் கதைகளில் தீயவன் பெரும்பாலும் கலகக்காரன், சட்டத்தை மீறுபவன். ஒன்பது கட்ட அமைப்போ ஒழுங்குசார் தீமை என ஒரு கட்டத்தை வைத்தது. வாக்குத் தவறாத, விதிகளை மதிக்கிற, படிநிலைக்குக் கட்டுப்படுகிற தீமை அது. இவ்விளையாட்டின் நரகவாசிகளான டெவில்கள் ஒப்பந்தங்களை எழுத்துப் பிசகாமல் காப்பவர்கள். அந்த ஒப்பந்தமே பிறரை அழிக்கும் கருவி.

தத்துவவியலாளர் ஹன்னா அரெண்ட், நாஜி அதிகாரி அடால்ஃப் ஐக்மன் மீதான விசாரணையைப் பற்றி 1963 இல் வெளியிட்ட நூலில் இதற்கு நெருக்கமான ஒன்றைச் சொன்னார். பெருங்கொடுமையைச் செய்யக் கொடூரன் தேவையில்லை. தன் செயலைப் பற்றிச் சிந்திக்காமல் கடமையாற்றும் அலுவலர் போதும். இரண்டும் ஒன்றல்ல. டெவில் தான் செய்வதை அறிந்து செய்கிறது. அரெண்ட் காட்டிய மனிதரோ அறிய மறுப்பவர். ஆனாலும் கோப்பும் முத்திரையும் சேர்ந்து கொலைக்கருவி ஆகலாம் என்று எண்ணிப் பார்க்க இந்தக் கட்டம் இளம் ஆட்டக்காரர்களுக்கு ஒரு வாயிலைத் திறந்தது.

தீமை ஒரு பொருளா?

கிறித்தவ இறையியலாளர் அகஸ்டின் இளமையில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் மானி சமயத்தைப் பின்பற்றினார். ஒளியும் இருளும் இரண்டு தனி ஆற்றல்கள், உலகம் அவற்றின் போர்க்களம் என்பது அச்சமயத்தின் கொள்கை. பின்னர் அதிலிருந்து விலகிய அகஸ்டின், தீமைக்கென்று தனி இருப்பு இல்லை, அது நன்மையின் குறைபாடு என்றார்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இவ்விவாதத்தில் மானியின் பக்கம் நிற்கிறது. இங்கே தீமை அளக்கக்கூடிய ஒன்று. பாலடின் தீமையைக் கண்டறியும் ஆற்றல் கொண்டவராக இருந்தார். ஒருவர் என்ன செய்தார் என்று விசாரிக்காமலேயே அவர் தீயவர் என்று அறிந்துவிட முடிந்தது.

2000 இல் தொடங்கிய மூன்றாம் பதிப்பும் அதன் 2003 திருத்தமும் இதைத் துல்லியமான அட்டவணை ஆக்கின. அதன்படி தீமையின் ஒளிவட்டம் வலிமையைப் பொறுத்துக் கூடும், குறையும். செய்த கொடுமையின் அளவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. தன் வீட்டாரைப் பல்லாண்டுகள் வதைத்த எளிய மனிதரிடம் மங்கலான ஒளிவட்டமே தெரியும். தீய தெய்வத்தை வழிபடும் பூசாரி தன்னளவில் நடுநிலையாளராக இருந்தாலும் அவரைச் சுற்றித் தீமையின் ஒளிவட்டம் இருக்கும். இறந்த உடலை எழுப்பும் மந்திரம் எந்த நோக்கத்துக்காகச் செய்யப்பட்டாலும் தீயதே. ஒரு கிராமத்தைக் காப்பதற்காகச் செய்தாலும் அப்படித்தான்.

ஒழுக்கம் குறித்த எல்லாக் கடினமான கேள்விகளும் இவ்விடத்தில் மறைந்துவிடுகின்றன. நோக்கம், சூழல், விளைவு, வருத்தம் எதுவும் கணக்கில் இல்லை. நிகழ்வாழ்வில் தீமையை அடையாளம் காண்பது கடினம் என்பதாலேயே நமக்கு விசாரணையும் சாட்சியும் தேவைப்படுகின்றன. விளையாட்டு அந்தத் தேவையை நீக்கிவிடுகிறது. தீர்ப்பு முதலில் வருகிறது, செயல் பிறகு வருகிறது.

பிறப்பால் தீயவர்

இதன் கடுமையான விளைவு ஓர்க் போன்ற இனங்களில் தெரிகிறது. ஓர்க் என்னும் உயிரினத்தை இன்றைய வடிவில் பரப்பியவர் ஜே. ஆர். ஆர். டோல்கீன். கத்தோலிக்கரான அவருக்கே இது தீராத சிக்கலாக இருந்தது. தீமையால் எதையும் படைக்க முடியாது, கெடுக்க மட்டுமே முடியும் என்பது அவரது நம்பிக்கை. அப்படியானால் ஓர்க்குகள் எங்கிருந்து வந்தன, அவற்றுக்கு மீட்பு உண்டா? அவர் மறைவுக்குப் பின் வெளியான குறிப்புகளில் இதற்கு வெவ்வேறு விடைகளை எழுதிப் பார்த்திருப்பதைக் காணலாம்.

டோல்கீனை உறுத்திய கேள்வியை விளையாட்டு ஒரு சொல்லில் முடித்தது. உயிரினப் பட்டியலில் ஓர்க் என்னும் பெயருக்கு எதிரே சார்பு அச்சிடப்பட்டது. ஆனால் அந்தச் சொல் நிலையாக இருக்கவில்லை. 1974 இல் நடுநிலையும் குலைவும். 1977 இன் உயிரினக் கையேட்டில் ஒழுங்குசார் தீமை. மூன்றாம் பதிப்பில் குலைவுசார் தீமை. இன இயல்பு என்று சொல்லப்பட்டது உண்மையில் எழுதியவரின் பேனா என்பதை இந்த மாற்றங்களே காட்டிக்கொடுக்கின்றன.

கைகாக்ஸ் எழுதிய ‘த கீப் ஆன் த பார்டர்லேண்ட்ஸ்’ என்னும் சாகசத்தில் குகைகளுக்குள் போர்வீரர்கள் மட்டும் இல்லை, பெண்களும் குழந்தைகளும் இருப்பதாகக் குறிக்கப்பட்டுள்ளது. ஓர்க் குழந்தையை நல்ல சார்புள்ள வீரர் என்ன செய்ய வேண்டும் என்பது ஆட்டக்காரர்களிடையே நீண்ட காலமாகத் தொடரும் விவாதம். குழந்தை இன்னும் எதுவும் செய்யவில்லை. ஆனால் பட்டியலில் அதன் இனத்துக்கு எதிரே தீமை என்று எழுதியிருக்கிறது. விதியை நம்பினால் கொல்லலாம், மனச்சான்றை நம்பினால் கூடாது. இந்த இக்கட்டை அந்த வீரருக்குத் தந்தது ஓர்க் அல்ல, பட்டியல்.

1988 இல் ஆர். ஏ. சால்வடோரின் நாவலில் அறிமுகமான டிரிஸ்ட் என்னும் நாயகன், கருமைத் தோலுடைய டிரோ இனத்தைச் சேர்ந்தவன். தன் இனத்தின் கொடுமையை விட்டு விலகி வந்தவன். அவனது புகழ் பெரிது. ஆனால் நல்லவன் ஒருவன் அதிசயமாகத் தோன்ற வேண்டுமெனில் மற்றவர்கள் தீயவர்கள் என்று ஏற்றாக வேண்டும். விதிவிலக்கு விதியை உறுதிசெய்தது.

2020 ஜூன் மாதம், விளையாட்டை வெளியிடும் விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம், ஓர்க்குகளும் டிரோக்களும் சித்திரிக்கப்பட்ட விதம் நிஜ உலகில் இனக்குழுக்கள் இழிவுசெய்யப்பட்ட விதத்தை நினைவூட்டுவதாக ஒப்புக்கொண்டது. 2021 இல் ஆட்டக்காரர் தெரிவுசெய்யும் இனங்களுக்கான சார்புக் குறிப்புகள் நீக்கப்பட்டன. 2024 இன் ஆட்டக்காரர் கையேட்டில் ஓர்க், ஆட்டக்காரர் ஏற்கக்கூடிய பாத்திரமாக இடம்பெற்றது.

இது சரியான திருத்தம், ஆனால் பாதித் திருத்தம். கொல்வதே முதன்மைச் செயலாக உள்ள விளையாட்டுக்குக் குற்றவுணர்வின்றிக் கொல்லத்தக்க எதிரி தேவை. ஒரு பெயரை அழித்தால் அந்த இடத்துக்கு இன்னொரு பெயர் வரும்.

மாற்று வழிகள்

1985 இல் வெளியான இரண்டு விளையாட்டுகள் வேறு வழியைக் காட்டின. கிரெக் ஸ்டாஃபோர்டு உருவாக்கிய ‘பென்ட்ராகன்’ ஆர்தர் மன்னர் கதைகளை அடிப்படையாகக் கொண்டது. அதில் ஒவ்வொரு வீரருக்கும் பதின்மூன்று எதிரிணைக் குணங்கள் உண்டு. ஒவ்வோர் இணையின் கூட்டுத்தொகை 20. கருணை 13 என்றால் கொடுமை 7. கருணையானவருக்குள்ளும் கொடுமை எண்ணாக எஞ்சியிருக்கிறது. செயல்களால் எண்கள் மாறுகின்றன. கிறித்தவ வீரருக்கும் பழஞ்சமய வீரருக்கும் போற்றப்படும் குணங்கள் வேறுபடுகின்றன.

ரிச்சர்ட் கேரியட் உருவாக்கிய ‘அல்டிமா 4’ கணினி விளையாட்டில் இறுதியில் வீழ்த்தப்பட வேண்டிய கொடியவன் இல்லை. வாய்மை, கருணை, பணிவு உள்ளிட்ட எட்டுப் பண்புகளில் தேறி ‘அவதார்’ ஆவதே இலக்கு. அவதாரம் என்னும் இந்தியச் சொல்லே அது. பார்வையற்ற மூலிகை வணிகரிடம் குறைத்துப் பணம் கொடுத்தால் யாரும் தடுப்பதில்லை. விளையாட்டு மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறது.

இவற்றிலும் குறை உண்டு. பண்பு எண்ணாகும்போது அதைச் சேமிக்கும் ஆசை வருகிறது. புள்ளி கிடைக்கும் என்பதற்காகப் பிச்சையிடுபவர் கருணையாளர் ஆவதில்லை. எனினும் இவை செயலிலிருந்து மனிதரை அளக்கின்றன. பெயரிலிருந்து செயலை நியாயப்படுத்துவதில்லை.

மதிப்பீடு

அறச்சார்பு விதியின் அடிப்படைக் குழப்பம், பக்கத்தையும் பண்பையும் ஒன்றாக்கியது. நம் பக்கம் நன்மை, எதிர்ப்பக்கம் தீமை என்பது போர்க்கால மொழி. அந்த மொழியில் எதிரி எதுவும் செய்வதற்கு முன்பே குற்றவாளி. விளையாட்டு இதைக் கண்டுபிடிக்கவில்லை, உலகில் ஏற்கெனவே இருந்த பழக்கத்தை அட்டவணையாக்கியது. அதனால்தான் இதை வெறும் பொழுதுபோக்கு என்று விட்டுவிட முடியாது.

ஆட்டக்காரருக்கும் ஆட்ட நடத்துநருக்கும் அறச்சார்பு இன்றும் பயன்படலாம். பாத்திரம் எதை நம்புகிறது, எதற்கு அஞ்சுகிறது, எந்த எல்லையைத் தாண்டாது என்று கேட்கும் தொடக்கக் கேள்வியாக அது நல்ல கருவி. விடையாக அதை எடுத்துக்கொள்ளும்போதுதான் தவறு நேர்கிறது. ஆட்டத்தின் முடிவில், அதுவரை செய்தவற்றைப் பார்த்து எழுதப்படும் சார்பு, தொடக்கத்தில் எழுதப்படும் சார்பைவிட நேர்மையானது. குகைக்குள் நுழையும் வீரர் அங்கிருப்பவர்களின் சார்பை அறிய முயல்வதற்கு முன், தான் அங்கே செய்யப்போகும் செயலின் சார்பு என்ன என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.