கான் நகரும் கொக்கிளாயும்

1957இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’ கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்றது. அறுபது ஆண்டுகள் கழிந்து, 2017இல், அதே விழாவின் சிறப்புத் திரையிடல்களில் இலங்கைத் தமிழர் ஜூட் ரட்ணத்தின் ‘டீமன்ஸ் இன் பாரடைஸ்’ என்ற விவரணப்படம் காட்டப்பட்டது. ஏறக்குறையப் பத்தாண்டு உழைப்பில், பிரெஞ்சுத் தயாரிப்பாளரின் கூட்டுடன் உருவான படம் அது. நம் நாட்டு இளங்கலைஞன் உலக அரங்கை எட்ட இன்றும் பாரிசின் வாயிலைத் தட்டவே வேண்டியிருக்கிறது. இது அவர் குற்றமன்று. விவரணப்படத்துக்கு முதலிட இங்கே எவருளர்?

1983 யூலைக் கலவரத்தின்போது ஐந்து வயதுச் சிறுவனாகப் புகைவண்டியில் வடக்கே தப்பியோடியவர் நெறியாளர். கனடாவிலிருந்து திரும்பும் முன்னாள் போராளியான தம் மாமாவோடு அந்தப் பாதையை மீண்டும் தொடர்கிறார். பல இயக்கங்களையும் சேர்ந்திருந்தோர் இரவில் தீயைச் சூழ்ந்தமர்ந்து, ஒருவரையொருவர் கொன்றழித்த காலத்தைப் பேசும் காட்சியே படத்தின் உயிர்நாடி. 1986இல் டெலோ இயக்கத்தினர் புலிகளால் கொல்லப்பட்டதை வாய்திறந்து பேச நம் சமூகம் எத்தனை ஆண்டுகள் அஞ்சிக் கிடந்தது! அவ்வச்சத்தை உடைத்த துணிவை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். அதே ஆண்டு யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழாவிலிருந்து இப்படம் விலக்கப்பட்டதை நாம் ஏற்கவில்லை. மறுத்துரைக்கும் உரிமையும் பார்த்தவர்க்கன்றோ உண்டு?

ஆயினும் நமக்கொரு வழக்குண்டு. இப்படத்தின் முதுகெலும்பு கொழும்பு–யாழ்ப்பாணப் புகைவண்டிப் பாதை. கொக்கிளாய்க்குத் தண்டவாளம் இல்லை. 1984 டிசம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் படையினரால் வெளியேற்றப்பட்டனர். களப்பையும் வயலையும் இழந்து பிற ஊர்களில் வாழ்ந்து, 2009இல் போர் முடிந்த பின்னரே திரும்பினர். திரும்பிய மண்ணில், 2023 யூனில், குடிநீர்க் குழாய்க்குக் கிடங்கு வெட்டியபோது கொக்குத்தொடுவாயில் மனிதப் புதைகுழி வெளிப்பட்டது. இம்மக்கள் கண்ட போரில் அரசு வெறும் பின்னணியன்று. படத்திலோ 1983இன் தீ அணைந்ததும் அரசின் முகம் மங்கி, இயக்கங்களின் குற்றமே முன்னிற்கிறது. தன் குடும்பத்தின் கதையைச் சொல்லும் கலைஞனுக்கு அது உரிமை. அந்த ஒரு சாட்சியத்தையே ஈழப் போரின் முழு வரலாறாகக் கொண்டுவிடும் அயல்நாட்டு அரங்கையே நாம் ஐயுறுகிறோம். 2015இல் கானின் தங்கப் பனை விருதைப் பெற்ற ‘தீபன்’ படத்தின் நாயகனாக நடித்தவர் நம்மவர். நெறியாளரோ பிரெஞ்சுக்காரர் ஜாக் ஓடியார். அதிலும் வன்னி சில நிமிடங்களே வந்துபோகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி பாரிசின் புறநகர்.

கொக்கிளாயில் கரைவலை இழுப்பவன் மகனோ மகளோ நாளை ஒளிப்படக் கருவியைக் கையிலெடுக்கலாம். களப்பில் தொழில் செய்யும் உரிமைக்கான வழக்கையும், கனிய மணல் தோண்டப்படும் கரையையும் அவர்கள் படமாக்கினால், முதற் காட்சி முல்லைத்தீவுப் பாடசாலை மண்டபமொன்றில் நடக்கட்டும். கானுக்கு அதன் பின்னர் போகலாம்.