'போல' என்னும் சிறு சொல்

இலக்கணம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுவது ஒரு பட்டியலே. பெயர், வினை, இடை, உரி எனச் சொல் நான்கு. உவமை, உருவகம், தற்குறிப்பேற்றம் என அணிகள் பல. முன்னதைச் சொல்லிலக்கணத்திலும் பின்னதை அணியிலக்கணத்திலும் தனித்தனியே படித்து, தேர்வுத்தாளில் தனித்தனியே எழுதி, பின்னர் இரண்டையும் ஒருசேர மறந்துவிடுகிறோம். இவ்விரண்டும் ஒன்றையொன்று தொடுகின்ற இடம் ஒன்று உண்டென்பதும், ஒரு கவிதையின் வாய்மை அவ்விடத்திலேயே சோதிக்கப்படுகிறது என்பதும் நம் பார்வைக்குத் தப்பிவிடுகின்றன. அவ்விடத்தில் காவல் நிற்பது 'போல' என்னும் சிறு சொல்.

சொல் என்று சிறப்பித்துக் கூறத்தக்கவை பெயரும் வினையுமே என்பதும், இடைச்சொல்லும் உரிச்சொல்லும் அவற்றைச் சார்ந்தே தோன்றும் என்பதும் தொல்காப்பியர் கருத்து. ஆயினும் சார்ந்து நிற்பது வலிமையற்றது எனக் கொள்ளுதல் தவறு. 'அவன் வந்தான்', 'அவனும் வந்தான்', 'அவனே வந்தான்', 'அவனா வந்தான்' என்னும் நான்கையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். பெயர் மாறவில்லை, வினையும் மாறவில்லை. ஓர் எழுத்தோ இரண்டெழுத்தோ வந்து சேர்ந்ததும் செய்தி ஐயமாகிறது, வியப்பாகிறது, உறுதியாகிறது. பொருளைத் தருவன பெயரும் வினையும். அப்பொருளின்பால் நமக்குள்ள நிலையைத் தருவது இடைச்சொல்.

உவம உருபுகளும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. நன்னூலார் பன்னிரண்டு உருபுகளைப் பெயர் சுட்டிக் கூறி, இவை போன்ற பிறவும் உண்டு என்கிறார். அவற்றுள் இன்றும் நம் அன்றாடப் பேச்சில் உயிரோடு உலவுவது 'போல' ஒன்றுதான். அச்சொல்லின் உறவினரையும் நோக்குதல் நலம். 'போன்ற' என அது பெயரெச்ச வடிவம் கொள்ளும்போது, உள்ளே ஒரு வினைவேர் ஒளிந்திருப்பது புலனாகிறது. 'மழை வரும் போலும்' என்கையில், ஒப்புமை நீங்கி, நாம் உறுதி கூறவில்லை என்னும் அடக்கம் மட்டும் எஞ்சுகிறது. 'போலி' என்கையிலோ, ஒத்திருப்பதாகக் காட்டி ஏமாற்றுவது என்னும் பொருளும் வந்து அமர்கிறது. ஒப்புமை, அடக்கம், ஏமாற்று ஆகிய மூன்றும் ஒரே வேரில் கிளைத்திருப்பதை அணியிலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர்கள் முதல் நாளிலேயே மாணவர்க்குக் காட்டலாம்.

உவமைக்கும் உருவகத்திற்கும் உள்ள வேறுபாட்டை நாம் கற்பிக்கும் முறையும் ஆராயத்தக்கது. 'போல' வந்தால் உவமை, வாராவிட்டால் உருவகம் என்று சுருக்கிவிடுகிறோம். தமிழின் இயல்பு இதனினும் நுட்பமானது. 'தாமரை போன்ற முகம்' என்பது உவமை. உருபு மறைந்து 'தாமரைமுகம்' என்றானால் அது உவமைத்தொகை. உருபு தொக்கு நிற்கிறதேயன்றி அழிந்துவிடவில்லை. சொற்களின் வரிசை தலைகீழாகி, 'முகத்தாமரை' என்றானால் அது உருவகம். முகமாகிய தாமரை என விரியும். முகத்தையே விட்டு, 'தாமரை கூம்பியது' என்று மட்டும் கூறினால், அதனைப் பிற்கால அணிநூலார் உருவக உயர்வு நவிற்சி என்றனர்.

இப்படிகளில் உருபு மட்டும் மறையவில்லை. தொடரின் தலைமை முகத்திடமிருந்து தாமரைக்குக் கைமாறுகிறது. அதற்குச் சான்று வினைச்சொல். 'தாமரைமுகம் வியர்த்தது' எனலாம், வியர்ப்பது முகமே. 'முகத்தாமரை வியர்த்தது' என்றால் செவி மறுக்கிறது. தாமரை மலரும், கூம்பும், வியர்க்காது. உருவகத்தை ஆண்டவர் அதற்கேற்ற வினையையும் தந்தாக வேண்டும். ஆகவே அணியைச் சோதிக்க அணிநூலைத் தேடவேண்டியதில்லை, சொல்லிலக்கணமே போதும்.

இந்த அளவுகோலைக் கொண்டு இன்று மேடைகளிலும் மலர்களிலும் வெளிவரும் கவிதைகளை அளந்தால் நமக்கு மிஞ்சுவது வருத்தமே. 'வறுமைக் கடல் எரிகிறது' என்கிறோம். 'நம்பிக்கை விளக்கு வேர்விடுகிறது' என்கிறோம். பெயரில் உருவகம் இருக்கிறது. வினையில் அது கைவிடப்பட்டுவிட்டது. எழுதியவர் கடலையும் காணவில்லை, விளக்கையும் காணவில்லை; அவ்வாறு எழுதுவது கவிதை என்று கேட்டிருக்கிறார், அவ்வளவே. அணி அழகுக்காக ஒட்டப்படும் தாள்மலர் ஆகிவிட்டது.

இக்குற்றத்தைப் பிறர்மேல் மட்டும் சுமத்த நமக்கு உரிமை இல்லை. சில ஆண்டுகளுக்கு முன், கடலோர ஊர் ஒன்றில், மீன்பிடிக்கச் சென்று திரும்பாத இளைஞர் ஒருவருக்காக இரங்கற் கூட்டம் நடந்தது. அங்குப் படிக்கப்பட்ட இரங்கற்பாவை எழுதித் தந்தவர் நாமே. 'துயரக் கடலில் மூழ்கினோம்' என்றொரு தொடர் அதில் இருந்தது. இலக்கணப்படி அதில் பிழை இல்லை. கடலுக்கேற்ற வினையே அமைந்திருந்தது. எழுதும்போது அது பலகாலும் பழகிய தொடர் என்பதால், அதனுள் கடல் இருப்பதே நம் கண்ணுக்குத் தெரியவில்லை. அத்தொடர் படிக்கப்பட்டபோது முன்வரிசையில் இருந்த தாய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். மூழ்கியவர் நாம் அல்லோம். மூழ்கியவர் அவருடைய மகன். அந்தக் கூட்டத்தில் கடல் என்பது அணி அன்று. அது நூறு அடி தொலைவில் இரைந்துகொண்டிருந்தது.

அன்று நாம் 'கடலில் மூழ்கியவர் போல ஆனோம்' என்று எழுத முற்பட்டிருந்தால், 'போல' என்னும் சொல்லே நம்மைத் தடுத்திருக்கும். மூழ்கியவர் போலவா என்று அது கேட்டிருக்கும். நாம் எழுதுகோலைக் கீழே வைத்திருப்போம். உவம உருபு என்பது இரு பொருள்களை இணைக்கும் பாலம் மட்டுமன்று; அவற்றின் இடையிலுள்ள தொலைவை ஒப்புக்கொள்ளும் வாக்குமூலமும் ஆகும். உருவகம் அத்தொலைவைக் கடந்துவிட்டதாகக் கூறுகிறது. உண்மையிலேயே கடந்தவர்க்கே அது தகும்.

நம் அணிநூல் மரபு இதனை அறியாததன்று. தண்டியலங்காரம் கூறும் பொருளணிகள் முப்பத்தைந்து. அவற்றுள் முதலாவது உவமையன்று; தன்மையணி. ஒன்றை அதன் இயல்பு மாறாமல், உள்ளவாறு, உயிர்ப்புடன் உரைப்பது அது. இறுதியில் வருவது பாவிகம். காப்பியம் முழுவதிலும் ஊடுருவி நிற்கும் கருத்து அது. உள்ளதை உள்ளவாறு காண்பதில் தொடங்கி, முழுமையின் பொருளை உணர்வதில் நிறைவுறுகிறது அப்பட்டியல். இடையில் வரும் உவமையும் உருவகமும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பயிற்சிகள் எனலாம். தன்மையைக் காணாதவர் உருவகத்துக்குத் தாவினால், நடக்கப் பழகாமல் ஓட முனைந்தவர் ஆவார்.

சொல்லும் அணியும் ஒரே கல்வி என்பதற்கு நமக்கு நெருங்கிய சான்று வீரமாமுனிவர். இத்தாலியில் 1680ஆம் ஆண்டு பிறந்து, வளர்ந்த பின்னர் தமிழ் கற்ற அப்பெருமகனார், 1730இல் இயற்றிய தொன்னூல் விளக்கத்தில் எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்தையும் ஒரே நூலில் அமைத்தார். அதற்கு முன்னரே தேம்பாவணியை யாத்த கை அது. பின்னர் 1732இல் சதுரகராதியைத் தொகுத்ததும் அதே கை. காப்பியமும் இலக்கணமும் அகராதியும் ஒருவர் உழைப்பில் ஒன்றுக்கொன்று துணையாக நின்றன. அவற்றைத் தனித்தனி அறைகளில் பூட்டியவர்கள், தேர்வுக்காகப் படித்த நாமே.

உருவகம் வேண்டாம் என்பது நம் கருத்தன்று. உருவகம் இல்லாத மொழி இல்லை. ஆழ்ந்த அன்பும் ஆழ்ந்த துயரும் சில வேளைகளில் 'போல' என்னும் சொல்லைப் பொறுப்பதில்லை. நாம் வேண்டுவது ஒன்றே. ஓர் உருவகத்தை எழுதியதும், 'போல' என்னும் சொல்லை அதனுள் மீண்டும் வைத்துப் படித்துப் பார்ப்போம். அப்போதும் அது உண்மையாய் நின்றால், அச்சொல்லை எடுத்துவிடலாம். நில்லாவிட்டால், நம் கையில் இருப்பது உருவகமன்று. அதே வேரில் பிறந்த மற்றொரு சொல், போலி.

அந்தத் தாயின் முன் மீண்டும் ஒருமுறை எழுந்து நிற்க நேர்ந்தால், 'உங்கள் மகன் திரும்பவில்லை. எங்களுக்கும் அவரை மறக்க முடியவில்லை' என்று மட்டுமே எழுதுவோம். அதில் பெயரும் வினையும் இருக்கும். 'எங்களுக்கும்' என்பதில் ஓர் 'உம்' இருக்கும். அணி என்று கேட்டால், தன்மையணி.