சூனியக்காரி யார்?

மந்திரக் கதைக்குப் பகுத்தறிவு ஏட்டில் என்ன வேலை என்று தோழர்கள் கேட்கக்கூடும். கேட்கட்டும், கேள்வி கேட்பதுதானே நமது பழக்கம்! மந்திரத்தை நம்பச் சொல்லும் கதையானால் நாம் அதைத் தொட்டிருக்கவே மாட்டோம். மந்திரக்காரி என்று பெண்ணைச் சுட்டிக் கொளுத்தியவர் யார் என்று கேட்கும் கதை இது. ஆகவே எடுத்துக்கொண்டோம்.

அமெரிக்க எழுத்தாளர் அலிக்ஸ் ஈ. ஹாரோ 2020இல் வெளியிட்ட புதினம், 'தி ஒன்ஸ் அண்ட் பியூச்சர் விட்சஸ்'. வரலாறு கற்பித்தவர் இவர். அந்தப் பயிற்சி நூலெங்கும் தெரிகிறது. கதை நிகழும் ஆண்டு 1893. நியூசிலாந்துப் பெண்கள் வாக்குரிமை பெற்ற ஆண்டு அது. கதை நிகழும் ஊரோ நியூ சேலம் என்னும் கற்பனை நகரம். அங்கே பெண்கள் இன்னும் வாக்குரிமை கேட்டுத் தெருவில் நிற்கிறார்கள்.

உடன்பிறந்த மங்கையர் மூவர். மூத்தவள் பெயட்ரிஸ் நூலகத்தில் ஏடு காப்பவள். நடுவிலவள் ஆக்னஸ் ஆலையில் உழைப்பவள். இளையவள் ஜூனிப்பர், அடங்க மறுப்பவள். கொடிய தந்தையால் பிரிந்து சிதறியவர்கள் மீண்டும் கூடுகிறார்கள். மறைந்துபோன மந்திரக் கலையைத் தேடுகிறார்கள். நகரத் தந்தையாக விரும்பும் கிடியன் ஹில் என்னும் அரசியல்வாதி அவர்களுக்கு எதிரே நிற்கிறான். அவன் நிழலில் ஏதோ ஒன்று பதுங்கி நெளிகிறது.

மந்திரம் என்கிறாரே, அது என்ன? மனத்திண்மை வேண்டும், சொல் வேண்டும், உரிய பொருள் வேண்டும். இம்மூன்றும் கூடினால் மந்திரம்! அந்தச் சொற்கள் எங்கே கிடக்கின்றன? பல்கலைக்கழகத்தில் அல்ல, பாட்டி பேத்திக்குச் சொன்ன கதையில், குழந்தைக்குப் பாடிய பாட்டில். ஏடு மறுக்கப்பட்டவர்கள் நாவிலே காத்த அறிவு அது. மந்திரம் என்ற முகமூடியைக் கழற்றிப் பாருங்கள்: மறுக்கப்பட்ட கல்வி தெரியும், பறிக்கப்பட்ட உரிமை தெரியும். நூலின் உயிர்நிலை இதுவே.

மற்றொன்றையும் ஆசிரியர் மறைக்கவில்லை. வாக்குரிமைச் சங்கத்து வெள்ளைச் சீமாட்டிகள் கண்ணியம் கெடுமே என்று கலங்குகிறார்கள். கறுப்பினப் பெண்களோ தமக்கெனத் தனி அமைப்புக் கண்டு, தம் அறிவைத் தாமே காக்கிறார்கள். வரலாறும் அப்படித்தான் நடந்தது. 1920இல் அமெரிக்கப் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது. தென் மாநிலக் கறுப்பினப் பெண்களில் பெரும்பாலோர்க்கு அது கைக்கெட்ட 1965 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சூனியத்தை ஒழிப்பேன் என்று மேடையில் முழங்கும் ஹில்லே பெரிய சூனியக்காரன்! பல நூற்றாண்டுகளாக மறைந்து வாழும் மாயாவி! மக்களின் அச்சத்தையே முதலாக்கி ஆட்சி வாணிபம் நடத்துபவன் அவன். அச்சத்தை விதைத்தவனே காவலன் வேடம் பூண்டு வருவதை ஆசிரியர் அழகுறத் தீட்டியிருக்கிறார். முடிவைச் சொல்லிப் படிப்போர் சுவையைக் கெடுக்க மாட்டோம்.

எனினும், இங்கேதான் நமக்கு மறுப்பும் உண்டு. தீமை அனைத்தையும் ஒரு மாயாவியின் நிழலில் ஒளித்துவிட்டால், தீ மூட்டிய மற்றவர் கைகள் தூய்மையாகிவிடாவா? உண்மைச் சேலத்துக்கு வாருங்கள். 1692இல் அங்கே 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். அவர்களுள் 14 பேர் பெண்கள். கைல்ஸ் கோரி என்னும் முதியவர் கல்லேற்றி நசுக்கப்பட்டார். முதலில் குற்றம் சாட்டப்பட்ட மூவருள் ஒருத்தி, பாதிரியார் வீட்டு அடிமைப்பெண் டிட்டுபா. இதை நடத்தியது எந்த மாயாவி? எவனுமில்லை! குற்றம் சாட்டியவர் அண்டை வீட்டார். தீர்ப்பளித்தவர் கற்றறிந்த நீதிபதிகள். ஆவி வந்து துன்புறுத்தியது என்ற பேச்சையே சான்றாக ஏற்றது நீதிமன்றம். 1697இல் நீதிபதி சாமுவேல் சூவல் தம் பிழையைத் தேவாலயத்தில் ஊரறிய ஒப்புக்கொண்டார். பிழை மாயாவியினுடையது என்று அவர் சொல்லவில்லை. பழி தம்முடையது என்றார். அந்த நேர்மை இப்புதினத்தின் நகர மக்களுக்கு வேண்டியதில்லாமல் போயிற்று. ஹில் என்ற ஒருவன் மேலேயே பெரும்பழி விழுகிறது. இது நூலின் குறை, சிறு குறையன்று.

குறை கூறினோம், படிக்க வேண்டாம் என்று கூறவில்லை. சேலத்தில் தண்டிக்கப்பட்டும் உயிர்தப்பிய எலிசபெத் ஜான்சன் என்னும் பெண்ணின் பெயர் மீதிருந்த பழி, மாசசூசெட்ஸ் மாநிலச் சட்டத்தால் 2022இல்தான் துடைக்கப்பட்டது. துடைக்க முயன்றவர் யார்? ஓர் ஆசிரியையும் அவரிடம் பயின்ற எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும்! மந்திரக்கோல் இல்லை, மறைமொழி இல்லை. பழைய ஏடுகளைப் புரட்டினர், ஆட்சியாளருக்கு எழுதினர், வென்றனர்.

மனத்திண்மை, சொல், பொருள். ஹாரோவின் மூன்றும் அந்த வகுப்பறையில் இருந்தன. பொருள் என்பது அங்கே எழுதுகோலும் தாளும். அவை நம்மிடமும் இருக்கின்றன, தோழர்களே!