ஒரு சோறு பதமா?

‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது முன்னோர் மொழி. ஒரு பருக்கையை விரலால் நசுக்கிப் பார்த்தே பானை முழுவதும் வெந்துவிட்டதா என்று அறிந்துகொள்வாள் தாய். திரைப்பட முன்னோட்டத்தையும் நாம் அத்தகைய பருக்கையாகவே கருதுகிறோம். இரண்டரை மணிநேரப் படத்திற்கு இரண்டரை நிமிடப் பதம் போதும் என நம்புகிறோம். ஆனால், தாய் தானே பருக்கையை எடுக்கிறாள். முன்னோட்டத்திலோ, பருக்கையைத் தேர்ந்து நம் கையில் வைப்பவர் சோற்றை விற்பவர். இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்தியே இக்கலையை அணுக வேண்டும்.

கலை என்ற சொல்லை அறிந்தே எழுதுகிறேன். 1960-இல் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் தம் ‘சைக்கோ’ படத்திற்கு அமைத்த முன்னோட்டம் 6 நிமிடங்களுக்கும் மேல் ஓடுவது. இயக்குநரே தோன்றி, சுற்றுலா வழிகாட்டியைப் போல விடுதியையும் அதன் பின்னுள்ள பழைய வீட்டையும் காட்டிச் செல்கிறார். பின்னணியில் துள்ளலான, வேடிக்கையான இசை. இங்கே கொடுமை ஒன்று நிகழ்ந்தது என்று தொடங்குகிறார். சொல்ல வந்ததைப் பாதியில் நிறுத்திவிட்டு அடுத்த அறைக்கு நகர்கிறார். இறுதியில் குளியலறைத் திரையை விலக்குகிறார். ஒரு பெண்முகம், ஓர் அலறல், நரம்பைக் கீறும் வயலின் ஒலி. அந்தப் பெண்கூடப் படத்தில் அக்காட்சியில் வரும் ஜேனட் லீ அல்லர். பொய்முடி அணிந்த வீரா மைல்ஸ்.

1980-இல் ஸ்டான்லி குப்ரிக் ‘தி ஷைனிங்’ படத்திற்குச் செய்தது இதனினும் சிக்கனமானது. ஒரே காட்சி, அசையாத காமிரா, மூடிய மின்தூக்கிக் கதவுகள். பெயர்கள் மெல்ல மேலேறிச் செல்ல, வண்டுக்கூட்டம் இரைவது போன்ற ஓசை தடித்துக்கொண்டே வருகிறது. கதவு திறக்க, இரத்தம் வெள்ளமாய்ப் பாய்ந்து இருக்கைகளைப் புரட்டி, பார்க்கும் கண்ணையே மூடிவிடுகிறது. கதை சொல்லப்படவில்லை, எந்த நடிகரின் முகமும் காட்டப்படவில்லை. ஆயினும் அப்படம் எத்தகைய அச்சத்தைத் தரும் என்பது முழுமையாக உணர்த்தப்படுகிறது.

இவ்விரண்டிலும் படிமத்தைவிட ஒலியே நம்மை முதலில் ஆட்கொள்கிறது. கண்ணுக்கு இமை உண்டு, காதுக்கு இல்லை. இந்த உண்மையை இன்றைய முன்னோட்டக்காரர்கள் நன்கு அறிவர். 2010-இல் ‘இன்செப்ஷன்’ படத்தின் முன்னோட்டங்களில் கேட்ட கனத்த ஊதுகருவி முழக்கம், அதன்பின் பல ஆண்டுகள் எண்ணற்ற முன்னோட்டங்களில் எதிரொலித்தது. தொடக்கத்தில் மெல்லிய பியானோ, பின் விரையும் முரசு, ஒவ்வோர் அடிக்கும் ஒரு காட்சி வெட்டு, திடீரென இருளும் மௌனமும், ஒற்றை வசனம், மீண்டும் பேரிடி. இது வாய்பாடாகிவிட்டது. தாழ்ந்த சுருதியிலான அந்த அதிர்வைக் காது மட்டுமன்று, நெஞ்சுக்கூடே உணர்கிறது. உடல் அதிர்ந்தவுடன், உள்ளமும் தொடப்பட்டதாக நாம் மயங்குகிறோம். முன்னோட்டங்களின் இரைச்சலைப் பொறாத பார்வையாளரின் முறையீடுகளால், 1990-களின் இறுதியில் அமெரிக்கத் திரைத்துறையே அவற்றின் ஒலிக்கு வரம்பு வகுக்க நேர்ந்தது.

முன்னோட்டம் ஒரு வாக்குறுதியா, வெறும் அலங்காரமா? இவ்வினா நீதிமன்றம் வரை சென்றதுண்டு. ‘யெஸ்டர்டே’ (2019) படத்தின் முன்னோட்டத்தில் அனா டி ஆர்மஸ் தோன்றினார்; வெளிவந்த படத்தில் அவர் இல்லை. அவரை நம்பிப் பணம் கொடுத்துப் பார்த்த இருவர் வழக்குத் தொடுத்தனர். முன்னோட்டம் வணிக விளம்பரமே. அதற்குப் பொய் விளம்பரத் தடைச் சட்டம் பொருந்தலாம் என்று 2022 டிசம்பரில் கலிஃபோர்னியாவில் ஒரு கூட்டாட்சி நீதிபதி கருத்துரைத்தார். அந்த வழக்கின் முடிவு எதுவாயினும், கேள்வி நியாயமானது.

ஆயினும், சட்டத்தின் அளவுகோல் மட்டும் போதாது. ஹிட்ச்காக் ஆளையே மாற்றிக் காட்டினார். ஆனால் படத்தின் சுவையில் பொய் கலக்கவில்லை. இதற்கு மாறாக, படத்திலுள்ள காட்சிகளையே எடுத்து, படத்தில் இல்லாத வேகத்தையும் முழக்கத்தையும் அவற்றின்மேல் பூசுகின்ற முன்னோட்டங்கள் உண்டு. அவற்றில் ஒவ்வொரு துண்டும் மெய், கூட்டுத்தொகையோ பொய். நம்மை ஏமாற்றுவது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையே.

இதில் இழப்பு நுழைவுச்சீட்டின் விலை மட்டுமன்று. இணையத்தில் இன்று முன்னோட்டத்திற்கே ஐந்து நொடி முன்னோட்டம் ஒன்றை முன்னால் ஒட்டுகிறார்கள். இரண்டு நிமிடம் காத்திருக்கவும் நமக்குப் பொறுமையில்லை என்று அவர்கள் கணக்கிட்டுவிட்டனர். எதிர்பார்ப்பிலேயே கிளர்ந்து, அடைந்ததில் நிறைவு காணாத மனத்தை இப்பழக்கம் நம் பிள்ளைகளிடம் வளர்க்குமானால், மெதுவாக விரியும் ஒரு நல்ல கதையின் முன் அவர்களால் அமர இயலாது போகும்.

எனவே வாசகர்க்கு ஓர் எளிய சோதனையைப் பரிந்துரைப்பேன். அடுத்த முன்னோட்டத்தை வீட்டில் ஒருமுறை ஒலியை அடக்கிவிட்டுப் பாருங்கள். மறுமுறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். பிள்ளைகளையும் உடன் அமர்த்திக்கொண்டு, எஞ்சியது என்ன என்று கேளுங்கள். ஒரு முகமோ, ஒரு கேள்வியோ, ஒரு மனிதரின் துயரமோ மனத்தில் நின்றால் அப்படத்திற்குச் செல்லலாம். ஒன்றும் நிற்கவில்லையெனில் நம்மை அழைத்தது இரைச்சல் மட்டுமே. பருக்கையை நாமே எடுத்து நசுக்கிப் பார்க்கும் வழி இதுதான்.