வருகைப் பதிவேட்டில் கையெழுத்து மட்டும்

மதுரையில் காசு கொடுக்காமல் நாளிதழ் படிக்க மூன்று இடங்கள் உண்டு: டீக்கடை, சலூன், நூலகம். 2020 மார்ச்சில் மூன்றும் அடுத்தடுத்து மூடிக்கொண்டன. மார்ச் 25 அன்று தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் நேர்ந்தது. அதற்குப் பிறகு பேப்பரைத் தொடவே பயம். வீட்டுக்குப் பேப்பர் போடுகிற பையனிடம் "கொஞ்ச நாளைக்கு வேணாம்ப்பா" என்று சொன்னவர்கள் பலர். காகிதமே சந்தேகத்துக்கு ஆளான அந்த நாட்களில், காகிதத்தை நம்பி நடக்கிற நூலகம் தன் வாசகரை எப்படிக் கைவிடாமல் பிடித்துக்கொண்டது?

ஏறக்குறைய எல்லா ஊரிலும் வழி ஒன்றுதான். ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் நாளுக்கு ஒரு பிடிஎஃப். மாலையில் ஒரு ஜூம் கூட்டம். நூலகரோ வாசகர் வட்டத்துப் பொறுப்பாளரோ தன் சொந்த போனில், சொந்த ரீசார்ஜில் நடத்தியது. அரசாணை எதுவும் வந்து தொடங்கியதல்ல. ஊர்ப்புற நூலகர்களின் சம்பளம் என்னவென்று தெரிந்தவர்களுக்கு அந்த ரீசார்ஜின் கனமும் தெரியும். முதலில் அதற்கு ஒரு கும்பிடு. அப்புறம்தான் கேள்விகள்.

இந்த முறையின் பலம் நாம் நினைக்கிற இடத்தில் இல்லை. செயலியும் தொழில்நுட்பமும் உலகம் முழுக்க இருந்தன. சிங்கப்பூரில் தேசிய நூலக வாரியம் 2020 ஏப்ரல் 7 அன்று கிளைகளை மூடியபோது, வாசகர்கள் கைப்பேசியிலேயே இரவல் வாங்கத் தமிழ் மின்னூல்கள் உட்பட ஒரு சேமிப்பு தயாராக இருந்தது. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பள்ளி நூலகர் ஒருவர் மாணவர் வீடுகளுக்கு டிரோனில் புத்தகம் இறக்கினார். நம்மிடம் அந்த வசதிகள் கிடையாது. ஆனால் வேறு ஒன்று இருந்தது: நாட்டுடைமை. 1949-இல் பாரதியில் தொடங்கி, எழுத்தாளர்களின் படைப்புரிமையை அரசே விலைகொடுத்து வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்கும் வழக்கம் இங்கே வேரூன்றிவிட்டது. அந்த வரிசையில் நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்கள் சேர்ந்துவிட்டன. கல்கியின் நாவலை ஒருவர் பிடிஎஃபாக அனுப்பினால் யார் வீட்டுச் சொத்தும் களவு போகாது.

அந்த உரிமை வெறும் உரிமையாகக் கிடக்காமல் கோப்புகளாக மாறியதற்கு ஆள் உழைப்பு காரணம். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாட்டுத் தன்னார்வலர்கள் தட்டெழுதிப் பிழைதிருத்திய தமிழ் நூல்களை இலவசமாக வைத்திருந்தது. இலங்கையில் நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்துவந்தது. இங்கே தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இருந்தது. ஊரடங்கு வந்தபோது, வைகைக் கரை நூலகரால் எடுத்துக் கொடுக்க முடிந்த பண்டம் இருபது ஆண்டுக்கு மேலாக யார் யாரோ, பெரும்பாலும் சம்பளம் வாங்காமல், சேர்த்துவைத்தது. பெயரில் மட்டும் மதுரையைச் சுமந்துகொண்டு உலகம் சுற்றிய ஒரு திட்டம், கடைசியில் மதுரைக்காரர் போனுக்கும் வந்து சேர்ந்தது.

ஜூம் கூட்டத்துக்கும் ஒரு பலம் இருந்தது. மதுரை சிம்மக்கல் நூலகத்தில் மாலை ஆறு மணிக்கு நூல் அறிமுகம் என்றால் உசிலம்பட்டியிலோ மேலூரிலோ இருக்கும் பெண் அதற்கு வர வாய்ப்பே இல்லை; பஸ் இருந்தாலும் அடுப்பு இருக்கிறது. இப்போது அடுப்பு மேடை மேலேயே போனைச் சாய்த்து வைத்து, கேமராவை அணைத்துவிட்டு, கோயம்புத்தூர் எழுத்தாளர் பேசுவதைக் கேட்கலாம். நூலகக் கூட்டங்களில் முன்வரிசையில் எப்போதும் அதே எட்டுப் பேரைப் பார்த்துச் சலித்த எனக்கு, திரையில் தெரியாத பெயர்கள் வரிசையாக நின்றது உண்மையிலேயே நல்ல காட்சி.

இனி மறுபக்கம்.

நான் இருந்த ஒரு குழுவில், பெயர் வேண்டாம், முதல் பத்து நாள் புத்தகம் வந்தது. பதினோராவது நாள் கபசுரக் குடிநீர் செய்முறை வந்தது. அப்புறம் காலை வணக்கம், கோயில் வீடியோ, ஒரு கட்சிச் சண்டை. நிர்வாகி மட்டும் எழுதலாம் என்று பூட்டுப் போட்டார்கள். சண்டை நின்றது, பேச்சும் நின்றது. பூட்டிய குழு என்பது அறிவிப்புப் பலகை. நூலக வாசலில் சாக்பீஸால் எழுதி வைப்பதைப் போனுக்குள் கொண்டுவந்து வைத்தால் அதற்குத் தொடர்பு என்று பெயர் வைக்க முடியாது.

பிடிஎஃப் விஷயத்திலும் நாட்டுடைமை என்கிற வேலி சீக்கிரம் தாண்டப்பட்டது. பழைய நூல்கள் தீர்ந்ததும் புதியவை வந்தன. போன வருடம் அச்சான நாவல், கேமராவில் பக்கம் பக்கமாகப் பிடிக்கப்பட்டு. புத்தகக் கடையும் பூட்டி, கண்காட்சியும் இல்லாமல் பதிப்பகங்கள் மூச்சுத் திணறிய காலம் அது. "வாசிப்பைப் பரப்புறோம், தப்பா?" என்று கேட்டவர்களில் நூலகத்தோடு நெருங்கியவர்களும் உண்டு. தப்புதான். நூலகம் ஒரு பிரதியை விலைக்கு வாங்கிப் பலருக்குக் கொடுக்கிற இடம். வாங்காமலே பலருக்குக் கொடுப்பது வேறு தொழில்.

பேசப்படாமல் போன இன்னொன்று உண்டு. நூலகத்தில் யார் என்ன எடுத்தார் என்பது நூலகருக்கும் வாசகருக்கும் இடையில் இருப்பது. குழுவில் ஒரு பெண் "இந்த நாவல் கிடைக்குமா?" என்று கேட்டால், அவர் எண்ணும் ரசனையும் நூறு பேருக்குத் தெரியும். மறுநாள் தனியே ஒரு "ஹாய்" வரும். பெண்கள் சத்தமில்லாமல் குழுவை விட்டு வெளியேறியதை வாசிப்பில் ஆர்வமின்மை என்று ஒரு பொறுப்பாளர் என்னிடம் விளக்கினார். நான் வாதாடவில்லை, வாதாடியிருக்க வேண்டும்.

ஆனால் இவையெல்லாம் திருத்தக்கூடிய குறைகள். அடிப்படைக் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. நூலகத்துக்கு வாசகர் எண்ணிக்கை தெரியும், வாசகரைத் தெரியாது.

கிளை நூலகம் ஒன்றுக்குள் நுழைந்தால் முதலில் வருகைப் பதிவேடு. ஒரு கையெழுத்து. அதோடு சரி. காப்புத் தொகையும் சந்தாவும் கட்டி உறுப்பினர் ஆனவர்களுக்குத்தான் முகவரியோடு பதிவு. நாள்தோறும் வருகிறவர்களில் பெரும்பகுதி உறுப்பினரே அல்ல. ஓய்வு பெற்ற மில் தொழிலாளி பேப்பர் படிக்க வருகிறார். தன் புத்தகத்தைத் தானே கொண்டுவந்து டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைக்கு வேண்டியது நூல் அல்ல. ஒரு நாற்காலி, தலைக்கு மேல் மின்விசிறி, "தம்பிக்குத் தண்ணி எடுத்துக் குடு" என்று யாரும் கூப்பிடாத நாலு மணி நேரம். சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்தில் இந்தப் பிள்ளைகளைப் பார்க்காத நாள் கிடையாது. இவர்களுக்கு ஊரடங்கில் நூலகம் கொடுத்தது என்ன? அந்தத் தேர்வுக்கு அவர்கள் படிக்கிற பள்ளிப் பாடநூல்கள் முன்பே இணையத்தில் இலவசம். பிடிஎஃப் அவர்களுக்குத் தேவையே இல்லை. நாற்காலியைப் பிடிஎஃபாக அனுப்ப முடியாது.

குழுவில் சேர்ந்தவர்கள் யார் என்று பார்த்தால், நூலகரின் போனில் ஏற்கெனவே எண் இருந்தவர்கள்: வாசகர் வட்ட உறுப்பினர், ஓய்வு பெற்ற ஆசிரியர், கவிதை எழுதுகிறவர். சொந்தமாக அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவர்களும் இவர்களே. ஊரடங்கால் பாதியில் நின்று பிறகு தொடர்ந்த தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் எப்போதாவது இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் பாதிக்கும் குறைவு என்று கண்டது; ஆண்களில் பத்துக்கு ஏழு பேர். வீட்டில் இருந்த ஒற்றை ஸ்மார்ட்போனையும் பிள்ளையின் ஆன்லைன் வகுப்பு பிடித்துக்கொண்டது. ஆக, நூலகம் அதிகம் தேவைப்பட்டவரிடம் நூலகம் போகவில்லை. நூலகம் இல்லாமலும் தாக்குப்பிடிக்கக் கூடியவரிடம் போனது.

மதுரையைச் சுற்றிய கிராமங்களில் நிலைமை இன்னும் பழையது. 2006-க்குப் பிறகு அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் ஒரு நூலகக் கட்டடம் எழும்பியது. ஆட்சி மாறியபின் அவற்றில் பல பூட்டிக் கிடந்தன. சிலவற்றில் சிமெண்டு மூட்டை. அங்கே கொரோனா எதையும் மூடவில்லை. மூடுவதற்குத் திறந்திருக்க வேண்டுமே.

அப்படியானால் வேறு என்ன செய்திருக்க முடியும்? புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கலாம். இது புது யோசனை அல்ல. தமிழ்நாட்டிலேயே இருந்த பழைய யோசனை. 1931-இல் மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். கேரளத்தில் வயநாட்டு ராதாமணி பெருந்தொற்றுக்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே தோள்பையில் புத்தகம் சுமந்து வீடு வீடாக நடந்து கொடுத்துவந்தவர். எந்த வீட்டில் யாருக்கு எது பிடிக்கும் என்பது அவர் தலைக்குள் இருந்தது. எந்தப் பட்டியலாலும் அதை ஈடுசெய்ய முடியாது.

தொற்றைக் காரணம் காட்டலாம். அன்று அது நியாயமான பயம். மதுரை மாநகராட்சியும் பரவையும் சுற்றுவட்ட ஒன்றியங்களும் 2020 ஜூன் 24 முதல் ஜூலை நடுவரை இரண்டாம் முறை முழுதாக அடைபட்டன. அந்த வாரங்களில் ஒரு ஊர்ப்புற நூலகரை வீடு வீடாக அனுப்பியிருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அமெரிக்காவில் நூலகப் பொருள்களை வைத்து நடந்த ரீல்ம் ஆய்வின் முதல் முடிவு அந்த ஜூனிலேயே வந்துவிட்டது: மூன்று நாள் தனியே வைத்த புத்தகத்தில் கிருமி கண்டறியப்படவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஆறு நாளுக்குப் பிறகும் இருக்கிறது என்று பின்னால் வந்த ஒரு சோதனை சொன்னது. சரி, ஒரு வாரம் அடுக்காமல் வைத்தால் போயிற்று. நூலகத்தில் இடத்துக்கா பஞ்சம், வாசகரே இல்லாதபோது? டாஸ்மாக் கடைகள் சென்னை நீங்கலாக மே 7-ஆம் தேதியே திறந்தன. இடையில் நீதிமன்றம் மூடியது, மறுபடி திறந்தது. நூலகத்துக்குச் செப்டம்பர் 1 வரை காத்திருந்தோம். அடுத்த ஆண்டு மே 24 முதல் தளர்வில்லா ஊரடங்கில் அரசே காய்கறி வண்டிகளைத் தெருத்தெருவாக அனுப்பியது. வெண்டைக்காய்க்குப் பக்கத்தில் பத்துப் புத்தகம் வைக்க அந்த வண்டியில் இடம் இருந்திருக்கும். சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துக் கட்டுகிற மதுரைக்காரர் இதைக் கேட்டால் குற்றமில்லை.

செப்டம்பரில் திறந்தபோது நடந்தது இன்னும் கூர்மையானது. இரவல் பகுதி, குறிப்புதவிப் பகுதி, சொந்த நூல் படிக்கும் பகுதி திறந்தன. நாளிதழ்ப் பகுதி திறக்கவில்லை. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் 15 வயதுக்குக் கீழானவர்களுக்கும் அனுமதி இல்லை. மருத்துவக் காரணம் புரிகிறது. ஆனால் வாட்ஸ்அப் குழுவிலும் இல்லாத, திறந்த கதவுக்குள்ளும் வர முடியாத ஒருவர் யார் என்று பாருங்கள்: காலை எட்டு மணிக்குக் கதவு திறக்கும் முன் படியில் காத்திருந்து பேப்பர் படித்த பெரியவர். தொடர்பு என்று நாம் பேசுகிற எல்லாவற்றுக்கும் வெளியே அவர் நின்றார். அவருக்கு ஒரு தபால் அட்டை போட்டிருக்கலாம். முகவரி இருந்திருந்தால்.

பிறகு சில மாற்றங்கள் வந்தன. நூலகத்துக்கு வர இயலாத முதியோர், மாற்றுத்திறனாளிகள் போன்றோரின் வீட்டுக்குத் தன்னார்வலர் வழியாக நூல் சேர்க்கும் நூலக நண்பர்கள் திட்டத்தை 2022-இல் அரசு தொடங்கியது. ஊரடங்கு கற்றுக்கொடுத்ததா, தானாகத் தோன்றியதா என்பது முக்கியமில்லை, வழி சரியானது. 2023 ஜூலை 15 அன்று புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தது. இரண்டு லட்சம் சதுர அடிக்கு மேல். குழந்தைகளுக்குத் தனிப் பகுதி. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அலைமோதுகிறது. நாற்காலிக்கு ஏங்கிய பிள்ளைகளுக்கு நாற்காலி கிடைத்துவிட்டது. அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் நத்தம் சாலைக்கு இரண்டு பஸ் மாறி வர முடியாதவருக்குத் தெருமுனைக் கிளை நூலகம்தான் நூலகம். அங்கே இருக்கும் ஒற்றை நூலகருக்குத்தான் அவரைத் தெரிந்துவைக்க வாய்ப்பு.

2020 இறுதியில் அப்படி ஒரு கிளை நூலகத்தில் பதிவேட்டைப் புரட்டினேன். மார்ச் மாதப் பக்கத்தில் ஒரே கையெழுத்து நாள்தோறும் முதல் வரியில் இருந்தது; தமிழில், கொஞ்சம் நடுங்கி, கடைசி எழுத்தை மட்டும் நீளமாக இழுத்து. செப்டம்பர்ப் பக்கத்தில் இல்லை. அக்டோபரிலும் இல்லை. "யாரு சார் இவரு?" என்று கேட்டேன். நூலகர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "தினமும் வருவாரு சார். ஜன்னல் ஓரம்தான் உக்காருவாரு" என்றார். பெயர் அவருக்கு நினைவில்லை.