கதவு திறந்திருக்கும் நேரம்

எஸ்.ஆர். ரங்கநாதனின் ஐந்து நூலக விதிகளை மென்பொருள்காரன் படித்தால் நான்காவதில்தான் போய் நிற்பான்: வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவது. அதைத்தான் கூகுள் செய்துவிட்டதே, இனி நூலகர் எதுக்கு என்று நானும் பேசித் திரிந்தவன்தான். ஆனால் கூகுள் கேட்கத் தெரிந்தவருக்குத்தான் தரும். ‘இதைப் படிச்சுப் பாருங்க’ என்று ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டும் ஆள் மூன்றாம் விதியில் இருக்கிறார்.

முதல் விதி, புத்தகம் பயன்படுத்துவதற்கே என்பது, சப்பென்று தெரியும். அதிலிருந்துதான் நூலகம் எங்கே இருக்கணும், எவ்வளவு நேரம் திறந்திருக்கணும், நாற்காலி எப்படி, ஊழியர் எப்படி என்று அவர் இறங்கிக்கொண்டே போகிறார். எண்ணூரில் ஷிஃப்ட் முடித்துத் திருவொற்றியூர் திரும்புகிறவருக்கு இது தத்துவம் இல்லை. கதவு திறந்திருக்கா, இல்லையா?

1931இல் இந்நூலை வெளியிட்டது சென்னை நூலகச் சங்கம். 1928இல் தொடங்கி, மறு ஆண்டே நூலகர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்திய சங்கம். நூலகச் சட்டத்துக்கான முயற்சி 1948இல்தான் பலித்தது. சொத்துவரியோடு நூலக வரியும் வந்தது. ராயபுரத்து வீட்டுக்காரர் இன்றும் கட்டுகிறார்.

ஊதியம், காலிப்பணியிடம் எல்லாம் சங்கம் பேச வேண்டியவைதான். (சங்கம் என்றாலே தயங்கும் துறையிலிருந்து வருகிறேன், எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட.) ரங்கநாதனிடம் எனக்குள்ள குறை வேறு. நூலகர் எப்படி இருக்கணும் என்று அத்தனை எழுதியவர், வரி கட்டும் வாசகருக்கு நூலக நிர்வாகத்தில் என்ன இடம் என்பதற்கு ஐந்தில் ஒரு விதிகூட வைக்கவில்லை. கதவு எத்தனை மணிக்குத் திறக்கணும் என்று ஷிஃப்ட்டுக்காரரிடம் யார் கேட்பது?