கணிப்பொறி எழுதும் இசைத்தாள்: லிலிபாண்ட் மென்பொருள் பற்றி ஒரு திறனாய்வு

2024-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26-ஆம் நாள் அமெரிக்காவின் மேக்மியூசிக் நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. 1988-இல் வெளிவந்த ‘ஃபினாலே’ என்னும் மென்பொருளை இனி வளர்க்கப் போவதில்லை, விற்கப் போவதும் இல்லை என்பதே அதன் சாரம். ஃபினாலே என்பது மேலைநாட்டு இசையைக் கணிப்பொறியில் எழுதி அச்சிட உதவும் மென்பொருள். முப்பத்தைந்து ஆண்டுகளாக இசையமைப்பாளர்களும் ஆசிரியர்களும் பதிப்பாளர்களும் தம் படைப்புகளை அதில் எழுதிச் சேர்த்து வைத்திருந்தனர். ஓராண்டு கழிந்தபின் புதிய கணிப்பொறியில் அதை இயக்க இசைவு கிடைக்காது என்றும் முதலில் கூறப்பட்டது. எதிர்ப்பு எழுந்ததும் அந்த நிபந்தனை மட்டும் கைவிடப்பட்டது.

நிபந்தனை போயிற்று, கேள்வி நிற்கிறது. நாம் எழுதிய ஒன்றைத் திறந்து படிக்கும் சாவி பிறர் கையில் இருக்கலாமா? இக்கேள்விக்கு விடை தருவதாகக் கூறிக்கொள்பவை கட்டற்ற மென்பொருள்கள். அவற்றின் மூல நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். இசைக் குறியீட்டுத் துறையில் அத்தகைய மென்பொருள்களுள் ஒன்று லிலிபாண்ட். அது சொன்னதைச் செய்கிறதா, எந்த அளவுக்குச் செய்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் நோக்கமும்

ஹான்-வென் நியன்ஹய்ஸ், யான் நியூவன்ஹயசன் என்னும் இரு டச்சு இளைஞர்கள் 1996-இல் லிலிபாண்டைத் தொடங்கினர். இருவரும் இசைக்குழுவில் வாசித்தவர்கள். இன்று இது குனூ திட்டத்தைச் சேர்ந்த மென்பொருள், விலையின்றிக் கிடைப்பது.

அவர்களைத் தூண்டியது ஓர் அழகுணர்ச்சிக் குறைபாடு எனலாம். பழங்காலத்தில் இசைத்தாள் அச்சிடும் கைவினைஞர், உலோகத் தகட்டில் சுரக் குறிகளை இடவலமாகத் திருப்பி, ஒவ்வொன்றாகச் செதுக்கினார். அதற்குப் பல்லாண்டுப் பயிற்சி தேவைப்பட்டது. கணிப்பொறி வந்ததும் அந்தக் கை மறைந்தது. அதனுடன் அந்தக் கண்ணும் மறைந்தது. பாஃக் இயற்றிய தனி செல்லோ இசைத் தொகுதிகளை ஜெர்மனியின் பேரன்ரைட்டர் பதிப்பகம் 1950-இல் கையால் செதுக்கி வெளியிட்டது. 2000-இல் ஹென்லே பதிப்பகம் அவற்றைக் கணிப்பொறி வழியே வெளியிட்டது. லிலிபாண்டின் ஆசிரியர்கள் இவ்விரு பதிப்புகளையும் அருகருகே வைத்துக் காட்டுகின்றனர். பின்னதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் எல்லாம் அளவுகோல் வைத்தாற்போல் விறைத்து நிற்கிறது. வாசிப்பவரின் கண் வரி தவறுகிறது. கைவினைஞரின் கண்ணறிவைக் கணக்காக மாற்ற முடியுமா என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட பணி.

சுருள்வில்லும் மடக்கையும்

இவ்விடத்தில்தான் இயற்பியல் மாணவருக்கு இம்மென்பொருள் இனிக்கத் தொடங்குகிறது. ஐந்து கோடுகளின் மேல் சுரங்களை எழுதும்போது, நீண்ட சுரத்துக்குப் பின் அதிக இடமும் குறுகிய சுரத்துக்குப் பின் குறைந்த இடமும் விடவேண்டும். எவ்வளவு? நேர்விகிதமாக விட்டால், ஒரு முழுச் சுரத்துக்குப் பதினாறில் ஒரு பங்குச் சுரத்தைப் போல 16 மடங்கு இடம் தேவைப்படும். தாள் போதாது, கண்ணும் ஏற்காது.

செதுக்குநர்கள் பழக்கத்தால் கண்ட வழி வேறு. காலம் இரட்டிக்கும்போதெல்லாம் இடத்தை ஒரு மாறாத அளவு கூட்டினார்கள். அதாவது இடம் காலத்தின் மடக்கையைப் பொறுத்தது. சிறிய சுரத்துக்கு 2 அலகு இடம், ஒவ்வோர் இரட்டிப்புக்கும் 1 அலகு கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். பதினாறில் ஒன்றிலிருந்து முழுச் சுரம் வரை நான்கு இரட்டிப்புகள். ஆகவே முழுச் சுரத்துக்கு 6 அலகு போதும், 32 தேவையில்லை. லிலிபாண்ட் இவ்விதியையே கையாளுகிறது.

அடுத்து, வரியின் இரு ஓரங்களும் தாளின் விளிம்போடு பொருந்த வேண்டும். இதற்கு அடுத்தடுத்த இரு குறிகளுக்கிடையே ஒரு கற்பனைச் சுருள்வில் பொருத்தப்படுகிறது. மேற்கூறிய இடைவெளியே அந்த வில்லின் இயல்பான நீளம். வரி முழுவதையும் ஒரு விசை கொண்டு இழுக்கிறோம் என்க. தொடராக இணைந்த வில்களில் விசை எங்கும் ஒன்றே. நீட்சி மட்டும் ஒவ்வொரு வில்லின் தன்மைக்கேற்ப மாறும் என்று பன்னிரண்டாம் வகுப்பு மாணவனும் அறிவான். நீண்ட சுரத்தின் வில் இளகியது. எனவே அதிகம் நீளும். குறிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதபடி, குறைந்தபட்சத் தூரத்தைக் காக்க வளையாத கம்பிகளும் உண்டு. ஹூக் விதி ஒரு பாட்டுப் புத்தகத்தை அழகுபடுத்துகிறது!

கண்ணை ஏமாற்றும் தோற்றங்களுக்கும் கணக்கு உண்டு. மேல்நோக்கிய காம்பு சுரத்தலையின் வலப்புறம் நிற்கும். கீழ்நோக்கிய காம்பு இடப்புறம் தொங்கும். எனவே மேல்காம்புச் சுரத்தை அடுத்துக் கீழ்காம்புச் சுரம் வந்தால் காம்புகள் நெருங்கி, இடைவெளி குறைந்தது போல் தோன்றும். அங்கே சற்று அகட்டியும், மாறாக வருமிடத்தில் சற்று நெருக்கியும் வைக்கிறது லிலிபாண்ட். குறியெழுத்துகளைக்கூட 8 வேறு அளவுகளில் தனித்தனியே வரைந்துள்ளனர். சிறிய அளவுக்குச் சற்றே தடித்த கோடு. பெரியதைச் சுருக்கினால் சிறியது கிடைத்துவிடும் என்ற சோம்பல் இங்கே இல்லை.

எங்கே வரியை முறிப்பது?

100 தாளக் கட்டங்கள் கொண்ட ஒரு பாடலை எடுத்துக்கொள்வோம். கட்டங்களுக்கிடையே 99 எல்லைகள். ஒவ்வோர் எல்லையிலும் வரியை முறிக்கலாம், முறிக்காமலும் விடலாம். மொத்த வழிகள் 2-இன் 99-ஆம் அடுக்கு. 6-ஐ எழுதி அதன்பின் 29 சுழிகளை இட்டால் வரும் எண்ணுக்கு அது சற்று மிகுதி. ஒவ்வொன்றையும் சோதிக்க எந்தக் கணிப்பொறியாலும் ஆகாது.

ஆனால் எந்தக் கட்டத்தில் தொடங்கி எந்தக் கட்டத்தில் முடியும் வரி என்று எண்ணினால், இயலக்கூடிய வரிகள் 5,050 மட்டுமே. முதல் பத்துக் கட்டங்களைச் சிறப்பாக முறிக்கும் வழி தெரிந்தால், பதினோராவதற்கு அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். இதற்கு டைனமிக் புரோகிராமிங் என்று பெயர். டொனால்டு க்னூத்தின் ‘டெக்’ அச்சமைப்பு முறை பத்திகளை வரிகளாகப் பிரிப்பதும் இவ்வழியில்தான். நெருக்கமான வரிக்கும் தளர்ந்த வரிக்கும் தண்டப் புள்ளிகள் இட்டு, மொத்தத் தண்டம் மிகக் குறைந்த அமைப்பு தேர்ந்தெடுக்கப்படுகிறது. சுரங்களை இணைக்கும் பட்டையின் சாய்வையும் இவ்வாறே பல நிலைகளில் வைத்துப் பார்த்து, தண்டம் குறைந்ததை ஏற்கிறது. இயற்கை எங்ஙனம் ஆற்றல் மிகக் குறைந்த நிலையை நாடுகிறதோ அங்ஙனமே இதுவும்.

விருப்பம்போல் மாற்றியமைத்தல்

லிலிபாண்டில் சுட்டியால் சுரத்தை இழுத்து வைக்கும் வழக்கம் இல்லை. எழுத்தாலும் எண்ணாலும் எழுதவேண்டும். சி, டி, ஈ முதலிய எழுத்துகள் சுரத்தையும், 4, 8, 16 ஆகிய எண்கள் கால அளவையும் காட்டும். ஒருமுறை எழுதிய எண், மறு எண் வரும்வரை செல்லும். இக்கோப்பு வெறும் உரை. லிலிபாண்டே அழிந்துபோனாலும், எந்தக் கணிப்பொறியிலும் அதைத் திறந்து படிக்கலாம். ஃபினாலே பயனாளருக்கு நேர்ந்தது இங்கு நேராமைக்கு முதற் காரணம் உரிமம் கூட அன்று. இந்த எளிய உரைவடிவமே ஆகும்.

உள்ளமைப்பும் போற்றத்தக்கது. ஒரு பட்டறையில் பல செதுக்குநர்கள் வேலையைப் பங்கிட்டுக்கொள்வது போல, தாளக் குறிக்கு ஒரு செதுக்குநர், இணைப்புப் பட்டைக்கு ஒருவர், பாடல் வரிக்கு ஒருவர் என்று நிரல் பிரிந்துள்ளது. தாளக் குறி வேண்டாமெனில் அந்தச் செதுக்குநரை மட்டும் வெளியே அனுப்பிவிடலாம். பிறர் வேலை கெடாது. முழவுக்கு ஒற்றைக் கோடு போதுமெனில், கோடுகளின் எண்ணிக்கை 1 என ஒரே வரியில் மாற்றலாம். ஸ்காட்லாந்தின் ஊதுபை இசைக்குரிய அலங்காரக் குறிகளும், முழுச் சுரத்தொலைவை ஒன்பதாகப் பகுக்கும் துருக்கிய மகாம் சுரங்களும் இவ்வாறு சேர்க்கப்பட்டு, இன்று மென்பொருளோடு சேர்ந்தே வருகின்றன.

நம் சுர எழுத்து முறைக்கு இது உதவுமா என வாசகர் வினவலாம். ச ரி க ம எழுத்துகளைத் தாளக் கட்டங்களுக்குள் எழுதும்போது, ஒவ்வோர் அட்சரத்துக்கும் ஒத்த இடம் தருவதே முறை. மடக்கை விதி இங்கு பொருந்தாது. அதை நீக்கி நேர்விகித இடைவெளி அமைக்க லிலிபாண்டில் வழி உண்டு. ஆனால் ஐந்து கோடுகளே இசை என்னும் எண்ணத்தில் பிறந்த நிரல் அது. மேற்கோட்டால் காலத்தையும், புள்ளியால் தாயியையும் காட்டும் நம் முறைக்குப் புதிய செதுக்குநர்களையே படைக்க வேண்டியிருக்கும். எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர் 1904-இல் வெளியிட்ட சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினியில் கமகங்களுக்கென்று தனிக் குறிகள் உள்ளன. அவற்றைத் தாளில் இடுவது எளிது. அவற்றுக்கேற்ற இடைவெளி விதியைக் காண்பதே கடினம். அது நிரல் எழுதுவோர் மட்டும் தீர்க்கக்கூடிய சிக்கல் அன்று.

குறைகள்

இனி, குறைகளைச் சொல்லாமல் விடுவது திறனாய்வு ஆகாது.

முதலாவது, சுதந்திரத்துக்கும் திறமைக்கும் இடையே உள்ள இடைவெளி. ‘யாரும் திருத்தலாம்’ என்பது உண்மை. ‘யாராலும் திருத்த முடியும்’ என்பது உண்மையன்று. லிலிபாண்டின் உள்நிரல் சி++ மொழியிலும் ஸ்கீம் மொழியிலும் உள்ளது. சிறு மாற்றங்களை ஒரு வரியில் செய்யலாம். அதைத் தாண்டினால் அடைப்புக்குறிகள் மண்டிய ஸ்கீம் மொழியைக் கற்றாக வேண்டும். வயலின் ஆசிரியர் ஒருவரிடம் நாம் அதை எதிர்பார்க்கலாமா? படிக்கட்டில் முதல் இரண்டு படிகள் தாழ்வாகவும் மூன்றாவது படி ஆள் உயரமாகவும் இருப்பது போன்றது இது.

இரண்டாவது, எழுதியது உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை. எழுதி, தொகுத்து, பின்னரே தாளைப் பார்க்க வேண்டும். ஃப்ரெஸ்கோபால்டி போன்ற துணைக் கருவிகள் இக்குறையைச் சற்றுக் குறைக்கின்றன. வெர்னர் ஷ்வேர் 2002-இல் தொடங்கிய மியூஸ்ஸ்கோர் என்னும் மற்றொரு கட்டற்ற மென்பொருளில் இத்தொல்லை இல்லை. சுட்டியால் சுரம் வைத்த கணமே அது தெரியும், ஒலிக்கும். 2022 டிசம்பரில் வந்த அதன் நான்காம் பதிப்பு தாளமைப்பிலும் ஒலியிலும் நெடுந்தூரம் முன்னேறியது. பள்ளி மாணவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது அதுவே.

மூன்றாவது குறையே முக்கியமானது. லிலிபாண்டின் எழுத்திலக்கணம் பதிப்புக்குப் பதிப்பு மாறியுள்ளது. பழைய கோப்பைப் புதிய பதிப்புக்கு மாற்றித் தரும் கருவி உடன் வருகிறது. எனினும் பயனாளர் தாமே புனைந்த மாற்றங்களை அது எப்போதும் சரியாக மாற்றித் தருவதில்லை. அதாவது, எவர் மென்பொருளைத் தம் விருப்பப்படி மிகுதியாக வளைத்தாரோ அவரே மிகுதியாகத் துன்புறுகிறார். சுதந்திரத்தைப் பயன்படுத்தியவருக்கே தண்டப் புள்ளி!

கட்டற்ற மென்பொருள் பிறிதொரு கட்டற்ற மென்பொருளின் தோள்மேல் நிற்பது என்பதையும் மறக்கலாகாது. ஸ்கீம் மொழியை இயக்கும் ‘கைல்’ என்னும் நிரலின் இரண்டாம் தலைமுறை 2011-இல் வெளிவந்தது. லிலிபாண்ட் பழைய 1.8-ஐ விட்டு வெளியேறியதோ 2022 டிசம்பரில் வந்த 2.24 பதிப்பில்தான். விற்பனை நிறுவனத்துக்குப் பொறுப்பு உண்டு, பணம் உண்டு. இங்கே ஓய்வு நேரத்தில் உழைக்கும் சிலரே உண்டு.

முடிவு

அப்படியாயின் ஃபினாலேயின் முடிவுக்கும் இந்தத் தாமதங்களுக்கும் வேறுபாடு இல்லையா? உண்டு. தனியார் மென்பொருள் நிற்கும்போது, அதை மீண்டும் ஓடச் செய்யும் உரிமை பயனாளர் எவருக்கும் இல்லை. லிலிபாண்ட் தடுமாறியபோது, முன்பின் அறியாத சிலர் நிரலைத் திறந்து, பழுது பார்த்து, மீண்டும் ஓடவிட்டனர். பதினொரு ஆண்டு பிடித்தது என்பது குறை; இயன்றது என்பதே செய்தி. மூல நிரல் திறந்திருப்பது மென்பொருளுக்கு நீண்ட ஆயுளை உறுதி செய்வதில்லை. பழுது பார்க்க ஆளிருந்தால் பிழைக்கும் வாய்ப்பை மட்டுமே அது தருகிறது.

ஆகவே என் மதிப்பீடு இது: தாளின் அழகில் லிலிபாண்ட் முதல் வகுப்பில் தேறுகிறது, கோப்பின் ஆயுளில் அதைவிட நன்றாகத் தேறுகிறது, கற்பதற்கு எளிமை என்னும் பாடத்தில் மட்டும் மறுதேர்வு எழுத வேண்டும். அம்மறுதேர்வை எழுத வேண்டியவர்கள் அதன் ஆசிரியர்கள் மட்டும் அல்லர். இசையும் கணக்கும் ஒருங்கே கற்ற மாணவர்கள் நம் கல்லூரிகளில் இல்லாமல் இல்லை. கமகத்துக்கு உரிய சுருள்வில்லின் நீளம் எவ்வளவு என்பது இன்னும் விடை காணப்படாத கணக்கு. நிரல் திறந்தே இருக்கிறது.